என் வயலில் பதுங்கும் இடங்கள்

குறுவைப் பயிருக்கு மருந்தடிக்க இந்த வருஷம் ட்ரோன் வரவழைத்தேன். வரப்பிலிருந்து வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு எழும்பியது. பக்கத்து வயலில் களை எடுத்த பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாதிப் பேர் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

ஒருவரை மட்டும் காணோம்.

தேடினால்... வாய்க்கால் மதகுக்குள், தண்ணீரில், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் யோகேஸ்வரி. பக்கத்து ஊர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். போரின் கடைசி மாதங்களை வன்னியில் கழித்தவர்.

ஆள் கூட்டி வரும் செல்விக்குக் கோபம். "மருந்தடிக்கிற மெஷினுக்கே ஓடுனா உன்ன எந்த வயலுக்குடி கூட்டிட்டுப் போறது? இப்ப எல்லா ஊர்லயும் இதான் பறக்குது. நாளைலேர்ந்து வர வேணாம்."

யோகேஸ்வரி சேலையைப் பிழிந்தபடி சொன்னார்: "அங்க வேவு பாக்கிறதை வண்டு எண்டுவம். அது சுத்தினால் பின்னால ஷெல் வரும். இது மருந்தெண்டு மூளைக்குத் தெரியுது அக்கா. காலுக்குத் தெரியேல்லையே."

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன், நாலு பேர் நடுவே வாய் திறக்கக் கூசுகிறவன். பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதுவது வேறு — யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த வாரம் முகாமுக்கு ஆயிஷா வந்திருந்தார். அதிராம்பட்டினத்துப் பெண். போர் மனசுக்குள் விட்டுப்போனதைப் படங்களாகப் பதிவு செய்கிறவர். ஆனால் அழுகிற முகங்களை எடுப்பதில்லையாம். ஒரு சின்னக் கேமராவை யோகேஸ்வரியிடமே கொடுத்துவிட்டார்.

"முகம் வேணாங்க்கா. பயம் வர்றப்ப உங்க கண்ணு எங்க போவுதோ, அத மட்டும் எடுங்க."

சில நாள் கழித்து இருவரும் படங்களை அச்செடுத்து என் களத்தில் பரப்பினார்கள். செல்வியும் வந்திருந்தார்.

மதகின் வாய். மோட்டார் கொட்டகையின் பின்சுவர். வைக்கோல் போருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து. டிராக்டரின் அடிவயிறு. புயலில் சாய்ந்த தென்னை விட்டுப்போன பள்ளம்.

எல்லாம் என் வயல். வேலை போன பிறகும் கேமராவோடு வந்து எடுத்திருக்கிறார். நடக்கக் கற்றுக்கொண்ட இடம். இப்படி ஒரு வயலை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் அண்ணாந்து பார்த்த நேரமெல்லாம் ஒருவர் தரையை மட்டுமே பார்த்திருக்கிறார். ஒரு படத்தில்கூட வானம் இல்லை.

செல்வி ஒரு படத்தைக் கையில் எடுத்தார். "இந்தப் பள்ளம் ஒரு ஆளுக்குப் பத்தாதேடி?"

"அது மகளுக்கு அக்கா. நான் மேல குப்புறப் படுத்திடுவன்."

அந்த மகள் இப்போது கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறாள். அம்மா தேடும் பள்ளத்தின் அளவு மட்டும் வளரவே இல்லை...

"ட்ரோன் வேண்டாம்னு சொல்லிடுறேம்மா" என்றேன். நாலு பேர் நடுவேதான்.

"எத்தின வயல்ல நிப்பாட்டுவீங்கள் அண்ணை? கிளம்ப முன்னம் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், அதுவே போதும். அங்க அது சொல்லாமல்தானே வந்தது."

செல்வி படத்தைக் கீழே வைத்தார். "நான் சொல்றேன். நாளைக்குக் காலைல வந்துரு. லேட்டா வந்தா திட்டுவேன்."

முந்தாநாள் இரண்டாவது மருந்து. ட்ரோன்காரத் தம்பி பட்டனைத் தொடுமுன் செல்வி குரல் கொடுத்தார்: "யோகா, கிளம்புதுடி."

யோகேஸ்வரி வரப்பிலேயே நின்றார். ஒரு கை செல்வியின் முந்தானையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் கேமரா.

நேற்று அந்தப் படத்தைப் பார்த்தேன். எல்லாம் ஆடிப்போய், ட்ரோன் எது, மேகம் எது என்றே தெரியவில்லை.

ஆனால், வானம் இருந்தது.