டாக்டரையாவும் அம்மாவின் விக்கலும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பெரிய போத்தல் இருந்தது. அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கலவை மருந்து. காய்ச்சல் என்று போனாலும் அதுதான், வயிற்றுவலி என்று போனாலும் அதுதான். அதை ஊற்றித் தருகிறவரை டாக்டரையா என்போம். அவர் டாக்டர் இல்லை, தோட்டம் வைத்த மருந்துக்காரர். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் வெறுமனே 'ஐயா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவர் அரைக்குடம்கூட இல்லை, தளும்பிய தளும்பலில் மலையே நனைந்தது. அவர் எழுதித் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டத்து வண்டி யாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றாது.

நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த வருடம் அம்மாவுக்கு விக்கல் பிடித்தது. கொத்மலைப் பக்கத்து எங்கள் மலையில் கொழுந்து பறிக்கும்போது தொடங்கியது. அப்பா அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். "கொழும்புக்காரரு ரொம்பத்தான் நெனைக்கிறாரு போல" என்று பக்கத்து நிரைப் பெண்கள் கேலி செய்தார்கள். அம்மாவும் சிரித்தாள். தண்ணீர் குடித்தாள், சீனி தின்றாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். நான்காம் நாளும் நிற்கவில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது.

"நாலு நாளா நிக்க மாட்டேங்குதுங்க டாக்டரையா, ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு குடுங்க" என்று அம்மா கேட்டாள். "விக்கலுக்குத் துண்டு குடுத்தா நாளைக்குக் கொட்டாவிக்கும் கேப்பீங்க" என்றார் அந்த மேதை. போத்தலைச் சாய்த்தார். இரண்டு வாரம் கழித்து விக்கல் தானாக நின்றது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் டாக்டரையா வந்து நின்று, தன் மருந்தின் மகிமையை எல்லாருக்கும் சொன்னார்.

அடுத்த மாதம் அம்மாவின் வலது கண்ணில் புகை படர்ந்தது. மறுபடி அவரிடமே போனோம். சுவரில் தொங்கிய அறிவித்தலைக் கழற்றி அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்து, "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு பாப்பம்" என்றார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "படிக்கத் தெரியாதவளுக்குக் கண்ணுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று சொல்லிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள், நாளைக்கு அவர்களுக்கும் துண்டு வேண்டுமே. அவ்வளவு சின்ன மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பத்து நாளில் அம்மாவின் கால்கள் மரத்தன. துண்டும் வேண்டாம் வண்டியும் வேண்டாம் என்று, பக்கத்து லயத்து வீட்டு ஆட்கள் தூக்கிவிட, பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் இளம் சிங்கள டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதற்கு முன்னால் நிற்காத விக்கல் வந்ததா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் சொன்னதைப் பிறகு படித்து விளங்கிக்கொண்டேன். இன்று ஹட்டனில் உயிரியல் ஆசிரியையாக அதையே மாணவருக்கும் சொல்கிறேன். மூளையில் நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவத் துணைக் கலங்கள், அதாவது செல்கள், உண்டு. அவற்றின் பாதங்கள் இரத்தக் குழாய்களைத் தொடும் இடத்தில், தண்ணீர் மட்டும் போய்வரும் வழிகளாகச் சில புரதங்கள் நெருக்கமாக நிற்கின்றன. மழையைப் பார்த்து அணையின் வான்கதவைத் திறந்து மூடுவது போல, கலமும் தேவையைப் பார்த்து அந்த வழிகளைக் கூட்டும், குறைக்கும், சிலவற்றை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மாவின் உடம்பு அந்தப் புரதத்தையே பகையென்று நினைத்து, கிருமிகளைத் தாக்க வேண்டிய பிறபொருளெதிரிகளை அதற்கெதிராக உண்டாக்கியது. அவை ஒட்டியதும் ஒழுங்கு குலைந்து துணைக் கலங்கள் அழிந்தன. அவை போன பின் நரம்பும் நிலைக்காது. விக்கலையும் வாந்தியையும் ஆளும் இடம், கண் நரம்பு, முள்ளந்தண்டு மூன்றிலும் அந்தப் புரதம் அதிகம். முதல் விக்கலோடு வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

டாக்டரையா ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்கள். நான் போகவில்லை. அவரைக் காறித் துப்பிப் பேசுவது எனக்கு எப்போதும் சுகமாகவே இருந்திருக்கிறது. ஏன் அவ்வளவு சுகம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

விக்கல் நிற்காத இரண்டாம் வாரத்தில் அம்மா என்னிடம் கேட்டாள்: "துண்டு இல்லாட்டிப் பரவால்ல புள்ள, நாமளே கண்டிக்குப் போய்க் காட்டுவமா?" நான் சொன்னேன்: "டாக்டரையாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு? சும்மா இரும்மா." அவர் என்னை மட்டும் 'வருங்கால டாக்டரம்மா' என்பார். எல்லாரும் நிற்கும் அறையில் எனக்கு மட்டும் கதிரை போடச் சொல்வார். அந்த ஒரு கதிரைக்கு நான் விலைபோயிருந்தேன். அவரிலும் சின்ன ஆளாக அன்று அந்த மலையில் நான் இருந்தேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். கம்பு ஊன்றி நடக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ள படிச்ச படிப்புதாங்க என்னையக் காப்பாத்துச்சு" என்கிறாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். அன்று என்னிடம் கேட்டதை அவள் மறந்துவிட்டாளா, எனக்காக மறந்தவள் போல இருக்கிறாளா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.