மீன்தொட்டிக்கு மேலே எரியாத விளக்கு

அந்த மீன்தொட்டி ஏறக்குறைய ஓர் ஆள் நீளம் இருக்கும். தடித்த கண்ணாடியைத் தேக்குச் சட்டத்தில் பொருத்தி, திருகோணமலைத் துறைமுகத்து ஆஸ்பத்திரியின் உள் விறாந்தையில் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலம். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்ததால் பகலிலும் அங்கே இருட்டுத்தான். தொட்டியின் மேலே, தகர மூடிக்குள் இருந்த விளக்கு எரிந்தால் மட்டும் மீன்கள் தெரியும். எதிரே, கப்பல் தீயில் உடம்பு வெந்துபோன மாலுமிகளின் கட்டில்கள். எழும்பவோ புத்தகம் பிடிக்கவோ முடியாமல், கையிலும் முகத்திலும் துணி சுற்றிக் கிடந்தவர்களுக்குப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்றுதான் பெரிய டாக்டர் அந்தத் தொட்டியை அங்கே வைப்பித்திருந்தார். அந்த விளக்குத்தான் ஒருநாள் எரியாமல் போய்விட்டது. திருத்துவதற்கு மின்சாரப் பகுதியிலிருந்து நானும் அத்தானும் போனோம்.

அத்தான் என் அக்காவின் புருஷன். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையிலுள்ள வேலையைப் பார்த்தபடிதான் பேசுவார். ஆனால் மகளோடு மட்டும் ஓயாமல் கதைப்பார். மாலையில் வேலை முடிந்து வரும்போது அந்தச் சின்னவள் வேலிப் படலையடியில் நின்று, சைக்கிள் மணியை அடிக்கும்படி கத்துவாள். வீட்டு வாசல்வரைக்கும் அடித்துக்கொண்டே வருவார்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள் ஊரே ஓடியது. கண்டி வீதியால் கப்பல்துறைப் பக்கம் போனவர்கள் பாதிப்பேர். நிலாவெளிக்கு நடந்தவர்கள் மீதி. அத்தானின் தாய் தகப்பன் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் இலங்கைத்துறையில் இருந்தார்கள். அக்காவையும் பிள்ளையையும் வள்ளத்தில் அங்கே அனுப்புவதென்று அவர் முடிவெடுத்தார். அக்காவுக்கு விருப்பமில்லை.

“இஞ்சாருங்கோ, இருந்தா எல்லாரும் ஒண்டா இருப்பம். நீங்கள் வராம நான் போகேல்ல” என்றாள்.

“வேலையை விட்டிட்டு எனக்கு வர ஏலாது. நீ பிள்ளையைக் கொண்டு போ. அங்க ஒருத்தனும் குண்டு போடமாட்டான்.”

அவரே பிள்ளையைத் தூக்கி வள்ளத்தில் இருத்தினார். நான் துணிமூட்டையைக் கொடுத்தேன். வள்ளம் நிறைய ஆட்கள். மத்தியானத்துக்குப் பிறகு காற்று திடீரென்று மாறியது. கவிழ்ந்த வள்ளம் மட்டும் பின்னொருநாள் கரை ஒதுங்கியது. ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. ஊரில் அதற்குப் பிறகு குண்டு விழவுமில்லை. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை. அக்கா சொன்னபடி விட்டிருந்தால் இருவரும் அந்த ஓட்டுக்குக் கீழே சுகமாக இருந்திருப்பார்கள்.

அத்தான் அழுததை நான் காணவில்லை. சடங்குகள் முடிந்து வேலைக்கு வந்தார். மீன் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். பட்டறையில் யாராவது மீன்குழம்புச் சோற்றை அவிழ்த்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

அப்படியிருந்த நாட்களில்தான் அந்தத் தொட்டி விளக்கு எங்கள் கைக்கு வந்தது. அத்தான் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சோதித்தார். மின்குமிழைக் கழற்றி வேறொரு இடத்தில் போட்டார், எரிந்தது. பியூஸ் சரி, சுவிச் சரி, வயரிலும் மின்சாரம் வந்தது. கடைசியில் குமிழ் மாட்டும் ஹோல்டரைத் திறந்தபோது உள்ளே பச்சைக் களிம்பும் உப்பும் படிந்திருந்தன. தொட்டியில் இருந்தது கடல்நீர். அதன் ஈரம் மேலேறிப் பித்தளையைத் தின்றிருந்தது. சுரண்டித் துடைத்து, நீருக்கும் விளக்குக்கும் இடையில் ஒரு கண்ணாடித் தகட்டையும் வைத்து சுவிச்சைப் போட்டார்.

மஞ்சளும் நீலமுமாக மீன்கள் தெரிந்தன. கட்டில்களிலிருந்து ஒரு சின்ன ஆரவாரம் எழும்பியது. ஆஸ்பத்திரிச் சிற்றூழியன் ஒருவன் சந்தோஷத்தில், நறுக்கிய இறைச்சித் துண்டுகளை ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டான். மீன்கள் பாய்ந்து வந்து இழுத்துப் பிய்த்துத் தின்றன. நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்குக் கிட்டவே நின்றார். பிறகு சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே போனார். மாலையில் தனியே போய் அவற்றை எடுத்து வந்தார்.

அடுத்த நாள் அந்த விளக்கு திரும்பவும் எரியவில்லையென்று ஆள் வந்தது. அத்தான் தனியே போய் வந்து, “சரி” என்றார். இரண்டொரு நாளில் மறுபடியும் ஆள் வந்தது. அவர் வேறு வேலையில் இருந்ததால் இம்முறை நான் போனேன். அவர் செய்த சோதனைகளை அதே ஒழுங்கில் நானும் செய்தேன். ஹோல்டரில் உப்பில்லை. அதற்குள் நுழையும் இடத்தில் வயர்தான் வெட்டுப்பட்டிருந்தது. எலி கடித்ததாக இருக்கும் என்று நினைத்து இழுத்துப் பார்த்தேன். எலி கடித்து அப்படி நேராக வெட்டுப்படாது. அது மட்டுமல்ல, வேறு யாருக்கும் ஷொக் அடிக்காமல் இருக்க, வெட்டிய முனையில் டேப்பும் சுற்றியிருந்தது. அப்படி இறுக்கி, மடிப்பில்லாமல் சுற்றுகிறவர் எங்கள் பட்டறையில் ஒருவர்தான்.

கிட்டக் கட்டிலில் கிடந்த மாலுமி, இன்று எரியுமா என்று இங்கிலீஷில் கேட்டான். துணிக்கு நடுவே அவனுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. நான் வயரைப் பொருத்தினேன். விளக்கு எரிந்தது.

பட்டறைக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் மறைக்கவில்லை.

“ஓம், நான்தான் வெட்டினனான்.”

“ஏன் அத்தான்? பாவம், அந்தச் சனம் வேற என்னத்தைப் பாக்கிறது?”

“தெரியும். தெரிஞ்சுதான் செய்தனான்” என்றார். கையிலிருந்த வயர் வெட்டும் குறட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். “தம்பி, நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்திட்டன். வள்ளத்தில பழுதில்லை. ஓட்டினவனும் நல்ல ஆள். காலமை காத்தும் இல்லை. அவள் போகமாட்டனெண்டுதான் சொன்னவள். மிச்சம் நான் ஒராள்தான்.”

அவள் எனக்கும் அக்கா. அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். அல்லது ஓம், நீங்கள்தான் என்று கத்தியிருக்கலாம். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

மறுநாள் காலை அத்தான் பெரிய டாக்டரிடம் தானே போனார். நான் பின்னால் நின்றேன். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், விளக்கை வெட்டியது தான் என்றும், தன் மனைவியும் பிள்ளையும் கடலுக்குள் கிடக்கிறார்கள் என்றும் சொன்னார். வேலை போகும் என்று பயந்தேன். டாக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொட்டியை இன்றைக்கே வெறுமையாக்கும்படி ஆட்களுக்குச் சொன்னார். அது அவருடைய இரக்கம். அந்த மீன்களை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

வாளிகளில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி இறங்குதுறைக்குப் போனார்கள். அத்தான் அவர்களுக்குப் பின்னால் நடந்தார். நான் அவருக்குப் பின்னால். வாளியைச் சரித்ததும் மீன்கள் கொஞ்சம் மேலேயே மயங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அதன் பிறகும் அத்தான் நெடுங்காலம் இருந்தார். மறுகலியாணம் செய்யவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். சைக்கிள் மணியைக் கழற்றி வைத்திருந்தார். யுத்தம் முடிந்தது, கறுப்புத் துணிகளைக் கிழித்தெறிந்தார்கள், ஊர் முழுக்க வெளிச்சம் வந்தது. இப்போது அவரும் இல்லை. அந்த ஒற்றைக் கண் மாலுமி என்ன ஆனான் என்பதும் எனக்குத் தெரியாது. தொட்டி இருந்த இடம் வெறுமையான பிறகு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்ததைத்தான் கடைசியாகக் கண்டேன். யாருக்கு இரங்குவதென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அன்று இறங்குதுறையில் ஆட்கள் வாளிகளோடு திரும்பிப் போன பிறகும் அத்தான் அசையாமல் நின்றார். உச்சி வெயில். தண்ணீரின் அடியில் கிடந்த மணல்வரைக்கும் துலக்கமாகத் தெரிந்தது.

“வெளிச்சம் இல்லாட்டி அதுகள் தின்னாதெண்டு நினைச்சனான், தம்பி” என்றார். “இங்க பார், கடலுக்குள்ள எவ்வளவு வெளிச்சம்.”