சுவரில் விலகிப்போன புள்ளிகள்

எங்கள் ஊர் நகரியில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திருமலை பக்கத்திலேயே இருக்கும்போது அதில் கேட்க என்ன இருக்கிறது? அம்மா திருப்பதியிலிருந்து அப்படி வந்து இறங்கிய அன்றும் தெருவே, "தரிசனம் நல்லா ஆச்சாக்கா, லட்டு எங்க?" என்றுதான் கேட்டது. நைனா, அதான் என் அப்பா, லட்டும் வாங்கி வந்திருந்தார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆளுக்கொரு துண்டு லட்டைக் கையில் வைத்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்திருந்தார் போல. சாமிக்கு முடி கொடுத்துவிட்டு வந்த அம்மா என்று நானும் பெருமையாகத் தின்றேன்.

அதற்குப் பிறகும் இருவரும் அடிக்கடி திருப்பதிக்குப் போய்வந்தார்கள். ரொம்பப் பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே யாரும் என் காதில் போடவில்லை.

அப்போது நான் எட்டாவது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எக்ஸிபிஷன் வந்தது. தலைமுடியின் தடிமனை அளந்து காட்டுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்கேலுக்கு அகப்படாத மெலிசு அது. ஆனால் அதற்கு ஒரு வழி இருப்பதை போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஓட்டை போட்ட அட்டையில் முடியை நெட்டுக்குத்தாக ஒட்டி, அதன்மேல் லேசர் லைட்டை அடித்தால், எதிர்ச் சுவரில் இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழும். முடி தடியாக இருந்தால் புள்ளிகள் நெருங்கி நிற்கும். மெலிசாக ஆக ஆக விலகிப் போகும். அந்த இடைவெளியை அளந்து கணக்குப் போட்டால் தடிமன் வந்துவிடும்.

நைனா முடி, என் முடி, அம்மாவின் பழைய சீப்பில் சிக்கியிருந்த முடி எல்லாவற்றுக்கும் புள்ளிகள் சுமாராகத்தான் விலகின. அம்மா தலையில் புதிதாக முளைத்திருந்ததில் ஒன்று கேட்டேன். கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் குனிந்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. லைட்டை அடித்தால், அடேயப்பா, புள்ளிகள் சுவரில் தொங்கிய காலண்டரைத் தாண்டி ஓடின. அம்மாதான் ஃபர்ஸ்ட்டு என்று நான் குதித்த குதியில் நைனா எழுந்து வெளியே போய்விட்டார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவருக்கு வீட்டிலும் சத்தம் என்றால் கஷ்டம்தானே என்று நினைத்தேன்.

எக்ஸிபிஷன் முடிந்தது, ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வந்தது, நான் லைட்டை மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. முடி தடியானால் புள்ளி கிட்ட வருமா என்று ஒருநாள் கேட்டாள். வரும் என்றேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அவளே அட்டையை வெட்டி, முடியை ஒட்டி, என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அம்மாவுக்கு என் சயின்ஸில் ஆசை வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே குஷி. அவள் சுவரைப் பார்க்கவே மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "பாப்பா, கிட்ட வந்துக்கீதா?" என்று கேட்பாள்.

இப்போதும் எனக்குள் ஒரே கேள்விதான். யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பேனே. டாக்டர் சொன்னதையெல்லாம் நைனா அம்மாவிடம் மழுப்பியே சொல்லிவந்தாராம். சொந்தக்காரர்களும் அப்படித்தான். அந்த வருஷம் மாங்காய் சீசன் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசிவரை அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கேலை வைத்துச் சரியாக அளந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சொன்னேன்: "இல்லம்மா, இன்னும் தள்ளிப் பூடுச்சு. இந்த வாரமும் நீதான் ஃபர்ஸ்ட்டு."