அந்த வண்டியை அழைத்தது யார்

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி என்று என் மனைவி சொல்லுவாள். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவன் நான். எந்த மோட்டாரும் தானாக எரிவதில்லை. ஆனால் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் "தானா எரிஞ்சிடுச்சிங்க" என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, பெற்ற பிள்ளை வயிறு வலிக்கிறது என்றாலும் கொஞ்சம் யோசிக்கத்தான் தோன்றும்.

திருவண்ணாமலையில் என் கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சி வருடங்கள் அவை. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார்கள் வெறுமனே ஓடி எரிந்தன. ஊரெல்லாம் காய்ந்து கிடந்தபோது எனக்கு மட்டும் வேலை குவிந்தது. அப்போதுதான் அந்தப் பேச்சு கடைக்கு வந்தது. நம் ஊரும் ஒரு சுரங்கக் கம்பெனியும் கூட்டு சேரப் போகிறதாம். மலையில் இரும்பு இருக்கிறதாம். கம்பெனி தோண்டி எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு ஆஸ்பத்திரி கட்டும், ரோடு போடும், வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை தரும்.

எங்கள் டவுனில் மலை என்றால் ஒரே மலைதான். எதிரே ஓட்டல் வைத்திருந்தவர் கல்லாவை விட்டு ரோட்டுக்கே இறங்கி வந்து, "அண்ணாமலையார் மேல கை வெச்சா உருப்படுவானுங்களா?" என்று கத்தினார். இரண்டு நாள் டவுனே கொதித்தது. மூன்றாம் நாள் விவரம் வந்தது. அந்த மலை இல்லை, கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. கொதிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"அப்பாடா, நம்ம மலை இல்ல" என்று ஓட்டல்காரர் மறுபடி கல்லாவில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, லாரி வந்தால் டிரைவர் சாப்பிடுவான், கிளீனர் சாப்பிடுவான், மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கரட்டின் அடிவாரத்தில்தான் என் அண்ணன் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். சாமி இருந்தால்தான் மலையா? கல்லும் முள்ளும் ஆடும் மட்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமா?

கடைக்கு வருகிறவர்களில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் இருந்தார். வேலை ஒன்றும் இருக்காது, பேப்பர் படிக்க வருவார். அவர் யாரையும் நம்பமாட்டார் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கம்பெனி மோர்ப் பந்தல் போட்டது. இவரும் போய் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வந்தார். "மோர்ல உப்பு கம்மி" என்றார் முதலில். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, "சும்மா எவனாவது குடுப்பானா? நம்ம தலையில மொளகா அரைக்கப் பாக்குறானுங்க" என்றார். டவுன் முழுக்க அப்படித்தான் இருந்தது. மோரையும் விடவில்லை, சந்தேகத்தையும் விடவில்லை.

பிறகு வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஜனங்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்றார்கள். கரட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வேன்களில் ஆட்கள் வந்தார்கள். அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். எங்கள் பங்காளிகள் மூன்று குடும்பமும் வந்திருந்தது. அவர்களுக்குத் தலைமை மாதிரி இருந்த பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

வேலை வரும் என்றவர்கள் கைதட்டினார்கள். ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்கும் கைதட்டினார்கள். ஒரே ஆள் இரண்டுக்கும் தட்டியதைப் பார்த்தேன். கடைசியில் கம்பெனி அதிகாரி மைக்கைப் பிடித்தார். நல்ல தமிழில்தான் பேசினார். "நாங்க திருட்டுத்தனமா வரல. சோதனை பண்ண வந்தப்பவே உங்க ஜனங்க எங்கள எப்படி வரவேற்றாங்கன்னு பாருங்க" என்று திரையில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

படத்தில் ஒரு பெரிய ரிக் வண்டி. முன்னால் ஒருவர் தேங்காய் உடைக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். என் அண்ணனும் அண்ணியும்தான்.

பெரியப்பா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். எங்கள் கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அண்ணன் கூச்ச சுபாவக்காரர். கூட்டத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார். முகம் வேர்த்துக் கொட்ட, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டி வந்த விஷயமே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடையில் வேலை ஜாஸ்தி என்று அந்த வருடம் நான் ஊர்ப்பக்கம் போகவே இல்லை. திரும்பும்போது வேன் பக்கத்தில் நின்று அண்ணி அழுதுகொண்டே சொன்னார். கோடையில் ஒரு நாள் ரிக் வண்டி கரட்டடிக்கு வந்து நின்றதாம். எங்கள் பக்கத்தில் ரிக் வண்டி என்றால் போர் போடுகிற வண்டி, போர் என்றால் தண்ணீர். வேறு எதற்கும் பூமியைத் துளைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, வண்டியைக் கையோடு நம் நிலத்துக்கே கூட்டிவந்து, கிணற்று மேட்டுப்பக்கம் இடம் காட்டியிருக்கிறார். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், எதிலும் குறை வைக்கவில்லை. அண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வண்டிக்கே ஆரத்தி சுற்றியிருக்கிறார்.

"உள்ளருந்து தண்ணி வரல தம்பி. கரும்பு மாதிரி நீட்டு நீட்டா கல்லுதான் வந்துச்சி. அதப் பொட்டியில அடுக்கி வெச்சிக்கிட்டாங்க. எங்க கெணத்துத் தண்ணியதான் எறச்சி அந்தக் குழியில ஊத்துனாங்க."

"தண்ணி எடுக்க வந்தவன் தண்ணி கேக்குறான்னா யோசிக்க வேணாமா அண்ணி?"

"பாறைய நனைக்கிறாங்கன்னு நெனச்சோம். அப்புறம் குழிய சிமெண்ட் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. மறுபடி வருவாங்கன்னு உங்க அண்ணன் பாத்துக்கிட்டே இருந்தாரு."

அண்ணனிடம் கேட்டேன். "வண்டிய யாரு கூப்புட்டது?" "வந்துச்சிடா" என்றார். வேனில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று எனக்கும் உறுத்தியது.

ஊரில் பேச்சு வேகமாகப் பரவியது. கம்பெனிக்காரனிடம் கை நீட்டிவிட்டார் என்றார்கள். போட்டோவில் அண்ணி கட்டியிருந்த புதுப் புடவை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அது நாங்கள் பொங்கலுக்கு எடுத்து அனுப்பிய புடவை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? கரட்டையே விற்றுவிட்டார், கிணறு வற்றினால் இவர்தான் பொறுப்பு என்றார்கள்.

கிணறு நான்கு பங்காளிகளுக்கும் பொது. நான்கு நாளுக்கு ஒரு முறை மோட்டார் போடுவது ஒவ்வொருவருடைய முறை. அண்ணன் முனீஸ்வரன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும்வரை அவருக்கு முறை கிடையாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்போது வேர்க்கடலை விழுது இறங்கும் நேரம். அந்தச் சமயத்தில் ஈரம் இல்லாவிட்டால் செடி நிற்கும், அடியில் காய் இருக்காது. வருடத்துக்கு இருந்த ஒரே வெள்ளாமை அது. ஆனால் அண்ணன் அதற்காகக்கூட அவ்வளவு உடைந்துபோகவில்லை. "வித்துட்டான்னு சொல்றாங்கடா" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கம்பெனி என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு, மனு, கூட்டம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. ஆஸ்பத்திரியும் வரவில்லை, லாரியும் வரவில்லை. கரடு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. விட்டுவிட்டுப் போனார்கள் என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. ரோட்டோரம் எவனாவது டேப்பைப் பிடித்து அளந்தால், அவன் டெலிபோன் ஆபீஸ் ஆளாகவே இருந்தாலும், நாலு பேர் சுற்றி நின்று ஊர், பேர், ஜாதகம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள்.

சத்தியத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாள் குறித்தார்கள். நானும் போனேன். கரட்டடியில் வேப்பமரத்துக்குக் கீழே முனீஸ்வரன், நட்டு வைத்த வேலும் ஒரு கல்லும்தான். எங்கள் பக்கத்தில் போலீஸில்கூடப் பொய் சொல்லுவார்கள், அங்கே சொல்லமாட்டார்கள். அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். பெரியப்பா கல்லின்மேல் ஒரு கட்டி கற்பூரத்தை ஏற்றினார்.

"கம்பெனிக்காரன்கிட்ட நான் காசு, பொருளு எதுவும் வாங்கல" என்று சொல்லி, அண்ணன் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் பெரியப்பா விடவில்லை. இன்னொரு கற்பூரத்தை ஏற்றினார்.

"அந்த வண்டிய நான் கூப்புடலன்னு சொல்லி அணைச்சிடு. உன் மொறைய நீ எடுத்துக்கோ."

அண்ணன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"அத சொல்ல முடியாது பெரியப்பா. நான்தான் கூப்புட்டேன். ஓடிப்போயி கூப்புட்டேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ "பாத்தியா!" என்றார்கள். "எதுக்குடா கூப்புட்ட? சொல்லித் தொலையேன்!" என்று பெரியப்பா கத்தினார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வருசமா தம்பிகிட்ட ஒரு போர் போட்டுக் குடுடான்னு சொல்லிக்கினு இருந்தேன். பாக்கலாம் பாக்கலாம்னான். வண்டி வந்ததும் அவன்தான் அனுப்பி வெச்சிருக்கான்னு நெனச்சேன். சொல்லாம செய்யறான், நாமளும் கேட்டு அவன சங்கடப்படுத்த வேணாம்னு இருந்துட்டேன். அதான் தேங்கா ஒடச்சேன். அதான் அவள ஆரத்தி எடுக்கச் சொன்னேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபத்தில் போட்டோவைக் காட்டியபோது அண்ணன் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பெனி ஏமாற்றியது என்பது மட்டும் அல்ல, அந்த வண்டி தம்பி அனுப்பியதில்லை என்பதும் அவருக்கு அந்தத் திரையில்தான் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஊருக்கு அதெல்லாம் எட்டவில்லை. அவர்கள் கண்கள் இப்போது என் மேல் இருந்தன. டவுனில் கடை வைத்திருப்பவன், மோட்டார்க்காரன், நாலு ஆபீஸ் ஆட்களைத் தெரிந்தவன். என்னைவிடத் தோதான ஆள் அவர்களுக்கு யார் கிடைப்பார்கள்? நானாக இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"அப்ப நீதான் அனுப்புனியா?" என்றார் பெரியப்பா. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "இல்லன்னா வந்து அணை. ரெண்டு பேர் மேல இருக்கற பழியும் போயிடும்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். அண்ணன் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். கல்லுக்குப் பக்கத்தில் அவருடைய ஈர வேட்டி என் கால்மேல் பட்டது. உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். உண்மை சொல்வதற்கு அவ்வளவு கூசியது எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எங்க அண்ணனுக்கு நான் எந்த வண்டியும் அனுப்பல."

அடித்து அணைத்தேன். பெரியப்பா விபூதி பூசினார். "நாளைக்கு அவன் மொறை, மோட்டார் போட்டுக்கட்டும்" என்று பங்காளிகளிடம் சொன்னார். சனங்கள் கலைந்து போகத் தொடங்கினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து விரித்து, கரியைத் தன் துண்டால் துடைத்தார்.

"சுட்டுடுச்சாடா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.