வாய் திறந்து கத்துபவர்கள்

வரைபடத்தில் சாம்பார் சிந்திய இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் எம்.டி. காலை நாஷ்டாவை, மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தின் மேலேயே வைத்துச் சாப்பிடுவார். வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய விரலால் ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தைத் தொடக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வருவார். விரல் உப்பங்கழியின் நீல நிறத்தைத் தொடும் இடத்தில் நிற்கும். "இங்கதாம்மா வண்டி எறங்குது. தண்ணிய அறைஞ்சிக்கினு போவணும். உள்ள குந்திக்கினு இருக்கறவன் மூஞ்சில பளார்னு அடிக்கணும். அவன் கத்தறது ஹைவே வரைக்கும் கேக்கணும்." அப்படிச் சொல்லிவிட்டு விரலைச் சப்பிக்கொள்வார். பிறகு அதே விரலால் அடுத்த வளைவைக் காட்டுவார்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கழிக்கரையில் இருந்தது அவருடைய பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினங்களும் நீச்சல் குளங்களுமாக ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக இரண்டு ரோலர் கோஸ்டர்கள் கட்டத் திட்டமிட்டார்கள். ஒன்று சிறுவர்களுக்கு. மற்றொன்று உயரத்திலிருந்து சரிந்து தண்ணீரைக் கிழித்துப் போகும் பெரியது. நான் கவரைப்பேட்டைக்காரி. கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் கொட்டகைகளுக்கும் கிடங்குகளுக்கும் கூரை கணக்கிட்டுச் சலித்துப்போயிருந்தேன். அந்த வேலைக்கு என்னை எடுத்தபோது மகிழ்ச்சியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கூரை ஒரே இடத்தில் நிற்கும். இதுவோ ஓடுகிற மனிதர்களுக்காகக் கட்டுவது. சரிவின் அடியில் உடலை இருக்கையோடு அழுத்தி, அடுத்த மேட்டில் ஒரு கணம் எடையே இல்லாமல் தூக்கிவிடும் அந்த வளைவைப் பலமுறை மாற்றி வரைந்தேன். வெளிநாட்டு நிறுவனத்தின் ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றுக்கொண்டார். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் அதை நேசித்தேன் என்பது தெரிய வேண்டும். நேசிக்காத ஒன்றின் மேல் இவ்வளவு அருவருப்பு வராது.

கழியில் ஒரு பகுதியை மண்கரை போட்டு வளைத்து, வண்டி இறங்குவதற்கான குளமாக்கியிருந்தோம். அதன் ஓரத்தில் தூண்களுக்கு அஸ்திவாரத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இயந்திரம் எதிலோ இடித்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பெரிய சிமெண்ட் குழாய் அது. உடைந்த இடத்திலிருந்து பொங்கியது என்ன என்பதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பூங்காவின் எல்லாக் கழிப்பறைகளின் கழிவும் அந்தக் குழாய் வழியாகத்தான் கழிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் வாய், எங்கள் குளத்துக்குள்ளேயே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே திறந்திருந்தது. வேலையாட்கள் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு விலகினார்கள். என் காலணியில் ஒட்டியதைக் கழுவ எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போதவில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு எம்.டி. அறைக்குப் போனேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அது ஆரம்பத்துலேர்ந்தே அங்கதாம்மா கீது" என்றார். உடைந்ததை அடைத்துவிடச் சொன்னார். சார், சரியாக அதே இடத்தில்தான் வண்டி தண்ணீரை வாரி அடிக்கப்போகிறது, எல்லோரும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருப்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். "சந்தோஷத்துல கத்தறவன், வாய்க்குள்ள இன்னா போவுதுன்னு பாக்கவா போறான்?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டு, திறப்பதற்குள் குழாயை வேறு பக்கம் திருப்பி, சுத்திகரிக்கும் ஏற்பாடும் செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்தடுத்த மாதங்களில் நான் கேட்கும்போதெல்லாம் அதே வாக்கு கிடைத்தது. குளத்துக்குக் கிடைத்ததோ நீலச் சாயமும் ஒரு வாசனைத் திரவமும். டிரம் டிரம்மாக ஊற்றினார்கள். மல்லிகை மணமும் மலநாற்றமும் கலந்தால் என்ன வாடை வரும் என்பதை நான் எழுதப்போவதில்லை. ஆனால் இன்றும் கல்யாண வீடுகளில் மல்லிகைச் சரத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தண்டவாளத் துண்டுகளைத் தூக்கி நிறுத்திய கிரேன் ஆபரேட்டர் எளாவூர்க்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். காற்றடிக்கும் நாளிலும் இரும்பை இலைபோல இறக்குவார். ஒருநாள் டீ குடிக்கும்போது குழாயைப் பற்றி அவரிடம் புலம்பினேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் மேடம். அந்தப் பைப்ப அன்னிக்கு எறக்கனதே என் கிரேன்தான். சொல்லி இன்னா ஆவப்போவுது? நம்ம பொயப்பு பேஜாராப் பூடும்." எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்காக என் மேலும் எரிச்சல் வந்தது. அந்த இடத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அங்கே சாப்பிட்டோம், சிரித்தோம், நட்டுகளை முறுக்கினோம்.

கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து வண்டியை நாள்கணக்கில் ஓட்டிச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. திறப்பு விழாவுக்கு முன் கட்டியவர்களின் குடும்பங்களுக்கு ஒரு நாள் இலவசச் சவாரி என்று எம்.டி. அறிவித்தார். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும், அதற்குக் கூட்டம் வேண்டும். அன்று காலை நான் முதலில் போய்ப் பார்த்தது குளத்தை. நீலத்துக்கு நடுவில், பழைய இடத்தில், பழுப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குழாயை யாரும் தொட்டிருக்கவில்லை.

ஏறுமிடத்தில் வரிசை நின்றது. முதல் வண்டியில் கிரேன் அண்ணனின் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதிருக்கலாம். புதுப் பாவாடை சட்டை போட்டிருந்தாள். "நைனா, நீயும் வா" என்று கீழே நின்ற அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் போய், வரிசைக்கும் கேட்கும்படியே சொன்னேன். "இறங்கிடுங்க அக்கா. இது கக்கூஸ் தண்ணி. பாப்பா வாய்க்குள்ளதான் போகும்."

அவர் கணவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாய்யா, மேடம் சொல்றது நெசமா?"

அண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார். பிறகு, "எறங்கும்மே" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கினாள். பின்னால் இருந்தவர்களும் பட்டையைக் கழற்றத் தொடங்கினார்கள்.

எம்.டி. சிரித்த முகத்தோடு வந்தார். என்னைத் திட்டவில்லை. "மேடத்துக்கு ஒடம்பு சரியில்ல போல. நானே ஏறறேன், பாருங்க" என்று முன் இருக்கையில் உட்கார்ந்தார். அலுவலகத்து ஆட்கள் பின்னால் ஏறினார்கள். வேறு வழியில்லாமல் வரிசையிலிருந்தும் சிலர் ஏறினார்கள். வண்டி ஏறியது, நான் வரைந்த சரிவில் பாய்ந்தது, தண்ணீரை இரண்டு சிறகுபோல விரித்துக்கொண்டு போனது. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளியேறும் வழியில், சரிவில் தானாக எடுக்கப்பட்ட புகைப்படம் ஒரு பெரிய திரையில் வரும். எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். படத்தில் அத்தனை பேரும் வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் எம்.டி. மட்டும் கண்களை இறுக்கி, உதடுகளை உள்ளே மடித்து, ஒரு கையால் மூக்கையும் பிடித்திருந்தார். கிரேன் அண்ணனின் மனைவிதான் கேட்டார்: "அவரு மட்டும் ஏன் வாய மூடிக்கினு கீறாரு?"

பின் இருக்கையில் போய்வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடி ஓடினார். அவர் கணக்குப் பிரிவு அலுவலர். பல வருடங்களாக எம்.டி.யோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்.

மறுநாளிலிருந்து நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிரேன் அண்ணனையும் அனுப்பிவிட்டார்கள். எல்லைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் வேறு வேலை கிடைத்ததாகப் பிறகு போனில் சொன்னார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லிச் சில வாரங்கள் பெரிய கோஸ்டரை மூடிவைத்திருந்தார்கள். நான் புகார் கொடுத்தேன். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள், எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற அறிவிப்போடு வண்டி மறுபடி ஓடியது. குழாயை உண்மையிலேயே திருப்பினார்களா என்று என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை. என்னை வாசலுக்குள் விடுவதில்லை. நான் மறுபடி கிடங்குகளுக்குக் கூரை கணக்கிடுகிறேன்.

போன ஆடியில் அம்மாவோடு பெரியபாளையம் போயிருந்தேன். அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் பெரிய நீர்மோர்ப் பந்தல். பந்தலின் நெற்றியில் பூங்காவின் விளம்பரத் துணி. வாயைத் திறந்து கத்தும் முகங்கள், மேலே சிறகாய் விரியும் தண்ணீர். அடியில் வேப்பிலை கட்டிய பிள்ளைகள் வரிசையாக நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். எம்.டி. மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தன் கையாலேயே டம்ளரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பழைய பகை எதுவும் அவர் முகத்தில் இல்லை. அம்மாவைக் கும்பிட்டு நலம் விசாரித்தார். ஒரு டம்ளர் மோரை என் பக்கம் நீட்டினார். கை தானாகவே வாங்கிவிட்டது. வாயருகே கொண்டுபோக மட்டும் வரவில்லை.

அவர் அதைக் கவனித்தார். என் பக்கம் குனிந்து, ஏதோ வீட்டு ஆளிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: "தெகிரியமா குடிம்மா. இது கேன் தண்ணி. ஆத்தாளப் பாக்க வர்ற சனங்களுக்குப் போயி அந்தத் தண்ணிய ஊத்துவனா நானு?"

நான் எந்தத் தண்ணீரைப் பற்றியும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.