சீனாவில் அப்போது லீவு

சீனாவைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறது. பதினைந்து வருஷமாகத் திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நாட்டின் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் ஆராய்ச்சி. நான் சீனாவுக்குப் போனதில்லை. சீன எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் எவ்வளவு மின்சாரம் எரித்தார்கள், எவ்வளவு சிமென்ட் கொட்டினார்கள், எத்தனை கப்பலைக் கிளப்பினார்கள் என்று பார்த்து அந்த நாட்டைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் நான்.

எரிச்சல் பிடித்த வேலை. இந்த வருஷம் வளர்ச்சி இவ்வளவு என்று அவர்கள் முன்கூட்டியே சொல்வார்கள். வருஷக் கடைசியில் ஏறக்குறைய அதே எண்தான் வந்து நிற்கும். நான் வைக்கிற சாம்பாரில் உப்புகூட ஒரு நாளும் அவ்வளவு கச்சிதமாக நின்றதில்லை. சரி, அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு நம் ஆட்கள் சொல்வதைப் பார்க்கலாம் என்றால் அது இன்னொரு தலைவலி. இந்தியாவுக்கு இவ்வளவு சரக்கு அனுப்பினோம் என்று அவர்கள் ஓர் எண் தருவார்கள். சீனாவிலிருந்து இவ்வளவு வந்தது என்று நாம் ஓர் எண் தருவோம். இரண்டும் ஒத்துப்போகாது. கப்பல் கூலியும் காப்பீடும் நம் எண்ணில் உண்டு, அவர்கள் எண்ணில் கிடையாது. ஹாங்காங் வழியாக வருவதை எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒரு குழப்பம். இதற்கு நடுவில் டி.வி.யில் ஒருவர் எல்லைப் பிரச்சினையைச் சொல்லி, வர்த்தகம் முடிந்தது என்று தொண்டை கிழியக் கத்துவார். அதே மாதம் இறக்குமதி கூடியிருக்கும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள், "அப்ப எதத்தான் மேடம் நம்புறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

என்னை அப்படியே நம்பிய ஒரே ஆள் என் தம்பி.

திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் அவனுக்கு ஒரு சின்ன ஷெட். பாய்லர் கம்பெனிகளுக்கு இரும்புத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுப்பான். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டு, ஏப்ரல் கடைசிக்குள் மாதிரிக்கு இருபது பாகம் செய்து காட்டு, சரியாக இருந்தால் மூன்று வருஷத்துக்கு வேலை உனக்குத்தான் என்றது. ஆனால் அந்த நுணுக்கம் கையால் வெட்டினால் வராது; லேசர் மிஷின் வேண்டும். சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாகச் சீனாவிலிருந்து ஒரு மிஷினுக்குச் சொல்லிவைத்தான். மார்ச் ஆரம்பத்தில் கப்பல் ஏறும் என்றார்கள். அந்த மிஷின் வந்தால் ஷெட் நிற்கும், வராவிட்டால் படுத்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அதற்கு முன்னால் ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் எதிர் வீட்டுக்காரர் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் பால் வாங்க இறங்கிய என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், போன ஜனவரியில ரூம் இல்லன்னு ஆளுங்களத் திருப்பி அனுப்பினேன். இந்த ஜனவரி ஈ ஓட்டுறேன். ஊருக்கு வர்ற ஜனமே குறைஞ்சு போச்சுங்க. லாட்ஜ வித்துட்டு மக வீட்டுக்குப் போயிரலாமான்னு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க நீங்க, ஸ்ரீரங்கத்துல பொறந்துட்டு இப்படிப் பேசுறீங்க? போன ஜனவரியில வைகுண்ட ஏகாதசி இருந்துச்சு. இந்தத் தடவை அது டிசம்பர் கடைசியிலேயே வந்துட்டுப் போயிருச்சு. திருவிழா தள்ளிப் போனா கூட்டமும் தள்ளித்தானே போகும்? ஜனவரிய ஜனவரியோட மட்டும் வச்சுப் பார்க்காதீங்க. டிசம்பரையும் ஜனவரியையும் சேர்த்துப் பாருங்க."

"அட, ஆமால்ல!" என்று தலையில் தட்டிக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை. மறுநாள் வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லிக் கைதட்டுகூட வாங்கினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் தம்பி வந்தான். முகம் சரியில்லை. சீனாவிலிருந்து மெயிலுக்குப் பதில் இல்லை, போனை எடுப்பதில்லை என்றான்.

"ஏஜென்ட் என்னடா சொல்றாரு?"

"அங்க லீவுங்கிறாரு அக்கா. புது வருஷமாம். மூணு வாரம் ஆகும்கிறாரு."

"மூணு வாரம் எவனாவது ஃபேக்டரிய மூடுவானா? கத விடுறாரு. இரு, பார்க்கிறேன்."

லேப்டாப்பைத் திறந்தேன். சீனத் துறைமுகங்களிலிருந்து நம் பக்கம் கிளம்பும் சரக்குக் கப்பல்களை வாரவாரம் எண்ணி ஓர் அட்டவணையில் வைத்திருந்தேன். போன வருஷம் இதே வாரத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த வருஷம் பாதிகூட இல்லை. அந்த வாரம் பார்த்து எல்லையைப் பற்றியும், சில சாமான்களை அவர்கள் நமக்கு நிறுத்திவைப்பதைப் பற்றியும் பேப்பரில் செய்தி. எனக்கு ஜுரம் போல ஏறிவிட்டது. பார், எண்ணும் அதையேதான் சொல்கிறது!

"இது லீவு இல்லடா. போன வருஷமுந்தான் அவங்களுக்குப் புது வருஷம் வந்துச்சு. போன வருஷம் இதே வாரத்துல கப்பல் வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? வேணும்னே நமக்கு அனுப்பாம இறுக்குறாங்க. உன் மிஷின் வராது. கேன்சல் பண்ணிட்டு கோயம்புத்தூர்ல பாரு."

"நல்லா பாத்துட்டியா அக்கா?"

"பதினஞ்சு வருஷமா இதத்தான்டா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துபோனான். அன்று சாயங்காலமே கேன்சல் செய்துவிட்டான். கோயம்புத்தூரில் ஆறு வாரத்தில் தருகிறோம் என்றார்கள்.

அந்த மிஷினுக்கு ஏஜென்டிடம் அடுத்ததாகக் காத்திருந்தவர் திருச்சி கே.கே. நகர்க்காரர் ஒருவர். அவருக்கும் துவாக்குடியில்தான் ஷெட், அவருக்கும் அதே கம்பெனியின் அழைப்பு. தம்பி விட்ட இடத்தை அவர் பிடித்துக்கொண்டார். சீனாவில் வேலை தொடங்கிய சில நாளில் மிஷின் கப்பல் ஏறியது. ஏப்ரல் முதல் வாரம் அவர் ஷெட்டில் வந்து இறங்கியது. கோயம்புத்தூர் மிஷினோ இதோ அதோ என்று ஜூனுக்குப் போய்விட்டது. மாதிரி பாகத்தைக் கே.கே. நகர்க்காரர்தான் காட்டினார், மூன்று வருஷ வேலையும் அவருக்கே போனது. தம்பி நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினான். அதில் ஒருவர் அவன் ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர். கோயம்புத்தூர் மிஷினையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதை வாங்கி வெட்டுவதற்கு வேலை எங்கே இருக்கிறது?

என் தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்தது ஏப்ரல் நடுவில். புரியவைத்தவர், வேறு யார், அந்த லாட்ஜ்காரர்தான். அதே இடம், அதே பால் பாக்கெட்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரி ரெண்டு மாசத்தையும் சேர்த்துப் பார்த்தேங்க. போன வருஷத்துக்கு இந்த வருஷம் கொஞ்சம் கூடவே வந்திருக்கு ஜனம். நான்தான் கூமுட்டையாட்டம் பயந்துட்டேன். நல்ல வேளை, விக்கல."

சிரித்துவிட்டு நாலு படி ஏறியிருப்பேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சீனப் புது வருஷம் நம் பொங்கல் மாதிரி தேதி மாறாமல் வருவதில்லை. ஏகாதசி மாதிரி நகரும். போன வருஷம் ஜனவரி கடைசியில் வந்தது. பிப்ரவரி கடைசிக்குள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த வருஷம் பிப்ரவரி நடுவில்தான் வந்தது. நான் எண்ணிய வாரத்தில் எல்லோரும் லீவில் சொந்த ஊரில் இருந்தார்கள். இதற்காகத்தான் அந்த நாட்டிலேயே பல எண்களை ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். வருஷாவருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்! மேலே ஓடிப்போய் அட்டவணையைத் திறந்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை எல்லா வாரத்தையும் கூட்டிப் பார்த்தேன். குறையவே இல்லை. போன வருஷத்துக்கு ஒரு படி மேலேதான் இருந்தது.

அட சண்டாளி, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். லாட்ஜ்காரருக்கு அவ்வளவு வாய் கிழியச் சொன்னவளுக்கு, சொந்தத் தம்பிக்குச் சொல்லும்போது அது தோன்றவில்லையே. பேப்பரில் வந்த செய்தி எனக்குப் பிடித்திருந்தது, அதற்கு ஏற்ற எண்ணைத் தேடினேன், கிடைத்ததும் நிறுத்திக்கொண்டேன். இதை ஒரு மாணவி செய்திருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன்.

இதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் தப்பு செய்கிறவர்கள்தான். அடுத்து நான் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வந்த தம்பி, "எப்படிக்கா கடைசியில கே.கே. நகர்க்காரருக்கு மட்டும் மிஷின் வந்துச்சு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சைனாக்காரன் சமாச்சாரமே அப்படித்தான்டா. இன்னிக்கு இறுக்குவான், நாளைக்கு விட்டுடுவான். அவன் குடுக்குற எண்ணையெல்லாம் நம்பவே முடியாது" என்றேன்.

கப்பலை எண்ணியது நான். அவர்கள் ஓர் எண்ணும் கொடுக்கவில்லை. ஒரு முழு நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன். அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஊரெல்லாம் அவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். சமயபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், "படிச்ச அக்காவ வச்சுக்கிட்டு இப்படி ஏமாந்துட்டியேப்பா" என்று யாரோ கேட்டதற்கு, "எங்கக்கா சொன்னது சரிதாங்க. சைனாக்காரங்கதான் கடைசி நேரத்துல மனசு மாறிட்டாங்க" என்று எனக்காகச் சண்டைக்குப் போனான். நான் பக்கத்து வரிசையில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இப்போது அவன் நுணுக்கமான வேலை வந்தால் தகட்டைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கே.கே. நகர்க்காரர் ஷெட்டுக்குத்தான் போகிறான். அவன் சொல்லிவைத்திருந்த அதே மிஷினில், வரிசையில் காத்திருந்து, கூலிக்கு வெட்டிக்கொண்டு வருகிறான்.

போன வாரம் அங்கிருந்து போன் செய்தான்.

"அக்கா, மிஷின்ல ஒரு செவப்புப் பேப்பர் ஒட்டியிருக்கு. தங்கக் கலர்ல சைனா எழுத்து. நம்ம ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம்ல, அந்த மாதிரி பார்க்க இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு. நீதான சைனா படிச்சவ."

எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேனே. அவன் போட்டோவை மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டேன். நாலே எழுத்து. வேலை தொடங்குகிறது, எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் என்று வந்தது. புது வருஷ விடுமுறை முடிந்து ஃபேக்டரியைத் திறக்கும் நாளில் அங்கே ஒட்டுவார்களாம். ஊருக்குப் போய்விட்டு வந்த யாரோ ஒரு தொழிலாளி, முதல் நாள், முதல் வேலையாக ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பிய்க்க மனமில்லாமல் கே.கே. நகர்க்காரர் அப்படியே விட்டிருக்கிறார்.

திரும்பக் கூப்பிட்டேன். இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "லீவு முடிஞ்சு வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கு ஒட்டுறதுடா" என்றேன்.

மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் அவன் குரல் கேட்டது.

"அப்ப லீவுதானா அக்கா?"

"லீவுதான்டா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். எனக்கு அப்பவே தெரியும், ஏப்ரல்லயே. உங்கிட்ட சொல்லல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சரிக்கா, என் முறை வந்துருச்சு" என்றான். "தகட்ட இறக்கணும்."