தாடைக்கு அடியில் ஒரு ஸ்கேன்

பேருந்து ஓட்டுநர் அவர். பணிமனையில் பட்டப்பெயர் 'ரம்பம்'. ஓய்வறையில் அவர் தலைசாய்த்தால் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். "அண்ணன் படுத்துட்டாருடோய், மரக்கடை திறந்தாச்சு!" என்பார் நடத்துநர். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பட்டப்பகலிலும் கண் சொருகியதே, அதைப்பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் பணிமனைக்குள் வண்டியைத் திருப்பும்போது அசந்துவிட்டார். விழித்தபோது வண்டியின் முகம் மதிலில் புதைந்திருந்தது. நல்லவேளை, வண்டியில் ஆள் இல்லை. ஓடிவந்த மேலாளர் கேட்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "பிரேக் பிடிக்கல சார்."

அந்த பிரேக்கைச் சரிபார்த்து மாட்டியிருந்த மெக்கானிக், இவர் மனைவியின் ஒரே தம்பி. மாமனார் கண்மூடும்போது இவர் கையில் பிடித்துக்கொடுத்த பிள்ளை. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவன் வீடுதேடி வந்தான். "நான் சரியாத்தான் மாட்டினேன்க்கா. மாமாவையே கேளு." அக்கா கேட்கவில்லை. "என் தாலிக்கே உலை வைக்கப் பாத்தியே!" என்று கதவைச் சாத்தினாள். மாமா உள்ளே சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

குறட்டை பொறுக்காமல் மனைவிதான் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் என்றால் வயிற்றுக்குத்தான் என்று நினைத்து, வயிறுமுட்டத் தண்ணீர் குடித்து நெளிந்துகொண்டு நின்றார் மனிதர்.

"யாரு அடக்கிட்டு வரச் சொன்னது? போயிட்டு வாங்க. உங்களுக்குக் கழுத்துல எடுக்கணும்" என்று சிரித்தார் ஸ்கேன் டாக்டரம்மா.

மல்லாக்கப் படுக்கவைத்து, தாடைக்கு அடியில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார். திரையில் மேடு ஒன்று தெரிந்தது.

"இது உங்க நாக்கு. அடிப்பக்கம் தடிச்சிருக்கு. மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு மூச்சை உள்ளே இழுக்கப் பாருங்க."

இழுத்தார். மேடு பின்னால் சரிந்தது.

"முழிச்சிருக்கும்போதே வழி இப்படி ஒடுங்குதுன்னா, தூக்கத்துல அடைச்சுக்கலாம். ஒரு ராத்திரி தூங்கவச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ராத்திரி தூக்கம் கெட்டா பகல்ல கண்ணு சொருகும். வண்டி ஓட்டும்போது தூக்கம் வருதா?"

மனைவி முந்தினாள். "சேச்சே! இவரு ஓட்டினா கைக்குழந்தைகூட அசையாது டாக்டர். அன்னைக்கு இடிச்சதுகூட என் தம்பி பண்ணின கோளாறு. அவன் முகத்துலயே நான் முழிக்கிறதில்ல."

இவர் பேச வாயெடுத்தார்.

"பேசாதீங்க, படம் கலையுது."

பேசாமலிருக்க நல்ல சாக்கு. இவ்வளவு நாளும் அப்படித்தானே இருந்தார்! கருவியைக் கையால் விலக்கினார்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் தூங்கிட்டேன்."

பசையைத் துடைக்க வைத்திருந்த காகிதம் மனைவியின் கையில் கசங்கியது. "நான் கதவைச் சாத்தினப்போ நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க" என்றாள்.

அன்றே மேலாளரிடம் சொன்னார். பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். அங்கிருந்து மனைவியோடு நேரே மைத்துனன் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

அவன் இவர் சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை. "வாக்கா" என்று அக்காவை அழைத்தான். இவருக்கு நாற்காலி ஒன்றை மட்டும் இழுத்துப்போட்டான். அதில் உட்கார இவருக்கு உடம்பு கூசியது.